பிரேக் பேட் மாற்றுவது: வீட்டிலா, ஊர்க் கராஜிலா, பட்டணத்திலா?

பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்சில்லுப் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். கராஜில் கேட்டால் பேட் முடிந்துவிட்டது என்கிறார்கள். காணொளியில் யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் சில்லைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். இதற்கா கூலி கொடுப்பது என்று தோன்றுகிறது. வேலை பழகாத கையில் பிரேக்கை விடலாமா என்ற பயமும் கூடவே எழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் பலர்.

வட இலங்கையின் வன்னியில் இயந்திரத்துக்குப் பயந்தவர்கள் குறைவு. நீர்ப்பம்பியின் எஞ்சினை வயல் வரம்பிலேயே பிரித்துப் பூட்டுகிறவர்களும் லாண்ட் மாஸ்டர் எனும் இரு சில்லு உழவு இயந்திரத்துக்குத் தாங்களே பெல்ட் மாற்றுகிறவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய மண் இது. அந்தக் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் லாண்ட் மாஸ்டரின் எஞ்சினைப் பிழையாகப் பூட்டினால் அது ஸ்டார்ட் ஆகாது. பிழை அங்கேயே தெரிந்துவிடும். பிரேக்கைப் பிழையாகப் பூட்டினாலும் கார் வழக்கம்போலப் புறப்பட்டுவிடும். ஏ9 வீதியில் இருட்டுக்குள் மாடு ஒன்று படுத்திருக்கும்போதுதான் பிழை தெரியும்.

## முதலில், மாற்ற வேண்டியது பேட்தானா?

புதிய பேட்டில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அளவில் தடித்திருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். பல பேட்டுகளில் சிறு தகட்டு நாக்கு ஒன்று உண்டு. பேட் தேய்ந்ததும் அது சில்லோடு சுழலும் இரும்பு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அது எச்சரிக்கை. கீச்சு மாறி, இரும்பும் இரும்பும் அரைபடும் கரகரப்பு வந்துவிட்டால் டிஸ்க்கும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மிதி பஞ்சுபோல அமிழ்கிறதா? பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? சில்லின் உட்பக்கம் ஒயில் ஈரம் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த ஒப்பீடு உங்களுக்கு வேண்டாம். அது பேட்டோடு நிற்கும் கோளாறு இல்லை, தொடக்கநிலைக்காரர் தொடக்கூடாது. ஹாண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்பதும் வேறு கதை. ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், அக்சியோ போன்றவற்றில் பெரும்பாலும் பின்சில்லுக்கு டிரம் பிரேக்தான். அதற்குள் இருப்பது பேட் இல்லை, ஷூ. அந்த ஸ்பிரிங்குகளோடு மல்லுக்கட்டுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். இனி எழுதுவதெல்லாம் முன்சில்லு டிஸ்க் பேட் பற்றியது.

## எதை வைத்து முடிவு செய்வது?

பலரும் கூலியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். யார் மாற்றினாலும் பேட்டின் விலை ஏறக்குறைய ஒன்றுதான். மாறுபடுபவை வேறு.

பெரியது தூரம். கொழும்பில் பாதி வேலையில் ஒரு போல்ட் முறிந்தால் முச்சக்கரவண்டி பிடித்துப் பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். ஒட்டுசுட்டானில் சில்லு கழற்றிய நிலையில் கார் நிற்கும்போது, வாங்கி வந்த பேட் பொருந்தவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போய்வர 100 கிலோமீற்றருக்கு மேல். போவதற்கு இருந்த வாகனமும் ஜாக்கில் நிற்கிறது.

அடுத்தது கண். பேட் மாற்றுவது கழற்றிப் பூட்டும் வேலை என்று சொல்வார்கள், பாதி உண்மை. டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருக்கிறதா, பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கலிப்பர் வழுக்கி நகரும் பின்கள் இறுகிவிட்டனவா, அதற்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனின் இறப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. கிரவல் வீதியின் செம்புழுதியும் மாரியில் வீதியை மூடிப் பாயும் வெள்ளமும் இந்தப் பின்களைத்தான் முதலில் பிடிக்கும். பின் இறுகினால் ஒரே சில்லில் உட்பக்கப் பேட் காகிதம்போல் தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். அதைக் கண்டும் காரணம் தேடாமல் புதியதைப் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

மூன்றாவது, காரை நிறுத்தும் தளம். நான்காவது, பிழை வந்தால் யாரிடம் திரும்பிப் போவது என்பது. காசு ஐந்தாவதாக வரட்டும்.

## வழி 1: நீங்களே, உங்கள் வளவில்

காருடன் வரும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி காரின் கீழே கையோ காலோ வைக்கக்கூடாது. உயர்த்திய பின் காரைத் தாங்க ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். அதற்கு முன் தரையைப் பாருங்கள். எங்கள் வளவுகள் பெரும்பாலும் மணலும் செம்மண்ணும். காலையில் கெட்டியாகத் தெரியும் முற்றம் ஒரு தொன் எடைக்குக் கீழே மெதுவாக இறங்கும், ஜாக் சாயும். பலகை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். டயர் மாற்றும் சில நிமிடங்களுக்குச் சரி, ஒரு முழுக் காலை வேலைக்குச் சரியில்லை. வன்னியில் இதற்கு மிகப் பொருத்தமான இடம் நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம். மட்டமானது, கெட்டியானது, விழுந்த சிறு கிளிப்பும் கண்ணில் படும். பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அறுவடைக் காலத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

கருவிகள்: சில்லு நட்டுக்கான ஸ்பானர், 12, 14, 17 மில்லிமீற்றர் சொக்கெட்டுகள், பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு ஜீ கிளாம்ப், வயர் பிரஷ், பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்றே விற்கும் கிறீஸ். பெயரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸை வழுக்கும் பின்களில் பூசினால் இறப்பர் ஊதிப் பின் இறுகிவிடும். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பானரும் வேண்டும். டொயோட்டாவின் பல சிறிய கார்களுக்குச் சில்லு நட்டின் அளவு 103 நியூட்டன் மீற்றர். கலிப்பர் வழுக்கும் பின்னின் போல்ட்டுக்கு அதைவிட மிகக் குறைவு. இரண்டையும் ஒரே பலத்தில் இழுக்கும் கை, சின்னதை முறித்துவிடும். முதல்முறை இந்தக் கருவிகளை எல்லாம் வாங்கினால் ஒரு தடவைக் கூலியை எளிதாகத் தாண்டிவிடும். கூலி மிச்சம் என்ற கணக்கு அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோதான் உண்மையாகும்.

வேலையில் ஆபத்தான இடம் எது என்று கேட்டால், கழற்றும்போது இல்லை என்பேன். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஒயில் மேலேயுள்ள டப்பாவுக்குத் திரும்பி ஏறும். பேட் தேயத் தேய ஒயில் மட்டம் இறங்குவது இயல்பு. அதைக் கண்டு யாராவது இடையில் ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது அது வழியும். பெயின்டில் பட்டால் உரித்துவிடும்; உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழற்றிய கலிப்பரைக் குழாயில் தொங்கவிடவே கூடாது. கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டிவையுங்கள்.

எல்லாம் பூட்டி முடித்துச் சில்லையும் போட்டாயிற்று. இப்போது சாவியைத் திருகிப் புறப்பட்டால் முதல் மிதி நேராக அடிமட்டத்துக்குப் போகும். பிரேக் பிடிக்காது. உள்ளே தள்ளிய பிஸ்டனுக்கும் பேட்டுக்கும் இடையே வெளி இருப்பதால்தான் இப்படி. கார் நின்ற இடத்திலேயே மிதியை மெதுவாக அமுக்கி அமுக்கி விடுங்கள். முதல் அமுக்கில் ஒன்றும் இருக்காது, இரண்டாவதில் ஏதோ தட்டுப்படும், பிறகு கால் கல்லில் நின்றதுபோல மிதி நிற்கும். அது வரும்வரை கியரைத் தொட வேண்டாம். வளவு மதிலில் முட்டும் கார்கள் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தை மறந்தவர்களுடையவை.

எப்போது இதுவே நல்லது: சாதாரண ஹைட்ரோலிக் பிரேக் உள்ள சிறிய கார், கெட்டித் தளம், வேலை இடையில் நின்றால் கடைக்குப் போக வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள், அவசரமில்லாத ஒரு நாள். இந்த நான்கும் இருந்தால் துணியலாம். கலியாண வீட்டுக்குப் போகும் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் தொடங்குவது வேண்டாத துணிச்சல்.

எப்போது கூடாது: ப்ரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் பிரேக் அமுக்கத்தைக் கணினியே நடத்துகிறது. கதவைத் திறந்தாலே அந்த அமைப்பு விழித்துப் பம்ப் ஓடக்கூடும். கலிப்பர் கழன்று கிடக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும். மின்சார ஹாண்ட் பிரேக் உள்ள கார்களின் பின்சில்லும் அப்படியே. பிஸ்டனைப் பின்வாங்க வைக்கவே தனி முறை உண்டு. இவற்றில் பழக வேண்டாம். இந்த ஹைபிரிட்டுகளுக்கு ஓர் ஆறுதல்: வேகம் குறைப்பதில் பெரும்பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேட் நீண்ட காலம் வரும்.

## வழி 2: ஊர்க் கராஜ்

மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் புதுக்குடியிருப்பிலும் மரத்தடியிலோ தகரக் கொட்டிலிலோ இருக்கும் கராஜுகளை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. மிதிப்பைக் காலால் உணர்ந்தே எந்தச் சில்லு இறுகுகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கூலி குறைவு. நாளைக்குச் சத்தம் வந்தால் அதே ஆளிடம் போகலாம். அவர் உங்களுக்கும் உங்கள் மாமனுக்கும் தெரிந்தவர். ஊர் முழுக்கப் பேர் கெட்டுவிடும் என்ற கவலை எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தைவிடப் பலமானது.

மறைந்த செலவு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, பேட்டை நீங்களே வாங்கி வரச் சொல்வார்கள். இந்தியாவில் செய்த ஆல்டோவும் ஜப்பானிலிருந்து வந்த ஆல்டோவும் பெயரில் ஒன்று, பேட்டில் வேறு. காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாறுவீர்கள். சேசிஸ் இலக்கத்தைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பொதி போட்டு எடுப்பதாக இருந்தால், பொதி வந்து கையில் பார்க்கும்வரை சில்லைக் கழற்ற விடாதீர்கள்.

இரண்டாவது, அவசரம். வரிசையில் நாலு மோட்டார் சைக்கிள், ஒரு டிராக்டர். பின்களைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசும் வேலையைக் கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள். கேட்டால் செய்வார்கள். அதற்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

மூன்றாவது, தூசு. காற்றுக் குழாயால் பழைய பிரேக் தூசைப் பறக்கவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. சில மலிவான, பழைய பேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஈரத்துணியாலோ கிளீனர் அடித்தோ துடைக்கச் சொல்லுங்கள், நீங்களும் சற்றுத் தள்ளி நில்லுங்கள். வேலை செய்கிற பொடியனுக்கும் அது நல்லதுதான்.

பழைய தகட்டில் புதிய லைனர் ஒட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், முன்சில்லு டிஸ்க்குக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒட்டு விட்டுப்போனால் பேட்டே இல்லை.

## வழி 3: வவுனியாவோ யாழ்ப்பாணமோ, பெரிய சேவை நிலையம்

இங்கே கிடைப்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: லிஃப்ட், டிஸ்க்கை மட்டமாக்கும் லேத், கணினியில் பிழை வாசிக்கும் கருவி, பற்றுச்சீட்டு. டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருந்தாலோ ஹைபிரிட் காராக இருந்தாலோ வேறு யோசனை வேண்டாம், போய்விடுங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் ஆகக் குறைந்த தடிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதைச் சீவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

செலவு பற்றுச்சீட்டோடு முடிவதில்லை. போகவர எரிபொருள், ஒரு நாள் சம்பளம் அல்லது ஒரு நாள் வயல் வேலை, காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடு. இவற்றையும் கூட்டினால் ஊர்க் கராஜைவிடப் பல மடங்கு வரும். பேட்டோடு சேர்த்து இதையும் மாற்றலாம், அதையும் மாற்றலாம் என்று ஒரு பட்டியலும் வரும். பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். இன்னொன்று: கரகரப்புச் சத்தம் வந்துவிட்ட காரை அவ்வளவு தூரம் ஓட்டிப்போவதே தவறு. அந்த நிலையில் கிட்டியிருக்கும் கராஜ்தான் சரி.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்காகக் கொட்டிலில் மாதக்கணக்காக நிற்கும் கார்களுக்கும் இந்த வழியையே சொல்வேன். நின்று நின்று டிஸ்க் துருவேறியிருக்கும், பிஸ்டன் இறுகியிருக்கும். திருவிழாவுக்கு ஆள் வந்து இறங்கிய அன்று வெளியே எடுக்காமல், வருவதற்கு முன்பே காட்டிவிடுங்கள். ஓட்டிப்போகும் நிலையில் இல்லையென்றால் மெக்கானிக் வந்து பார்த்த பிறகு புறப்படுங்கள்.

## வழி 4: மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பது

இதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கராஜ் மூடிய பிறகு, ‘அண்ணை, வீட்டுக்கு ஒரு தடவை வந்து செய்து தருவீர்களா, நானும் கூட நின்று பழக வேண்டும்’ என்று கேட்டால் பலர் வருவார்கள். பேட் உங்களுடையது, தளம் உங்களுடையது, கருவி அவருடையது. வலது சில்லை அவர் செய்ய நீங்கள் பாருங்கள். இடது சில்லை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். எப்படியும் இரண்டு பக்கமும் மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் இழுக்கும்.

போல்ட் எவ்வளவு இறுக வேண்டும், துருப்பிடித்ததை எப்படித் தட்டி இளக்குவது, பின் வழுக்கும்போது விரலுக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் காணொளியில் வராது. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே ஓடும் கார்கள் பலவும் வயதானவை. பளபளக்கும் காணொளிக் காரைப்போல அவற்றின் போல்ட் கழன்று வராது. குறை என்னவென்றால் கூலி கராஜைவிடச் சற்றுக் கூடும், அவருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நீங்களே | ஊர்க் கராஜ் | பட்டணம் | வீட்டுக்கு மெக்கானிக் |
|---|---|---|---|---|
| முதல்முறைச் செலவு | கருவியால் அதிகம் | ஆகக் குறைவு | ஆக அதிகம் | நடுத்தரம் |
| அடுத்த முறைச் செலவு | பேட் மட்டும் | அதே கூலி | அதே செலவு | தேவைப்படாமலும் போகலாம் |
| வேறு கோளாறைக் காணும் கண் | பலவீனம் | ஆளைப் பொறுத்தது | நல்லது | நல்லது |
| பாதியில் சிக்கினால் | நீங்கள் தனி | வேறு வாகனத்தில் கடைக்கு | அங்கேயே தீரும் | அவரிடம் வழி உண்டு |
| ஹைபிரிட், மின்சார ஹாண்ட் பிரேக் | வேண்டாம் | கேட்டுப் பார்த்து | ஆம் | பெரும்பாலும் வேண்டாம் |
| திரும்பிப் போய்க் கேட்க | யாருமில்லை | கிட்ட | தூரம், ஆனால் பற்றுச்சீட்டு உண்டு | கிட்ட |

முதல்முறை மாற்றும் ஒருவர் கேட்டால் நான்காவது வழியைத்தான் சொல்வேன். இரண்டாம் முறைக்குத் தளமும் கருவியும் இருந்தால் முதலாவது. பழக ஆசையில்லை, கார் ஓடினால் போதும் என்பவர் ஊர்க் கராஜுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பின்களைத் துடைக்கச் சொன்னால் போதும். வாடகைக்குக் காரோட்டுகிறவர்கள் மட்டும் கூலி மிச்சத்துக்காகத் தாங்களே இறங்க வேண்டாம். ஏறுகிறவர்கள் உங்கள் கைவேலையை நம்பி ஏறவில்லை.

## எந்த வழியில் மாற்றினாலும்

புதிய பேட் டிஸ்க்கோடு ஒத்துப்போகக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். ஏ9 வீதியில் இதைச் செய்யாதீர்கள். ஆளும் மாடும் இல்லாத நேரத்தில் உள்வீதி ஒன்றில் 50 கிலோமீற்றர் வேகம்வரை எடுத்து, முழுதாக நிறுத்தாமல் 10 வரை மெதுவாகக் குறைத்து, ஓடவிட்டு ஆறவைத்து, எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். ஒயில் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஊற்றுவதானால் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள்; டாட் 3, டாட் 4 கேட்கும் காருக்கு டாட் 5 ஆகாது. இரண்டு வருடமாக ஒயில் மாற்றவில்லை என்றால் அதையும் கணக்கில் எடுங்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு முன்சில்லுக்கும் பக்கத்தில் கையை வையுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அந்தப் பக்கக் கலிப்பர் விடவில்லை, திரும்பக் கழற்ற வேண்டும். 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு சில்லு நட்டுகளை மறுபடி ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.